மேசைப் போர்க்களத்துக்கு ஒரு துருப்பிடித்த கார்

விரல் நீளமுள்ள பொம்மைக் காரின் பளபளப்பைக் கெடுத்து, கூரையில் ஒரு துப்பாக்கியை ஏற்றி, மேசையில் நகர்த்தி விளையாடும் பெரியவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். 2017இல் காஸ்லாண்ட்ஸ் என்ற விளையாட்டு வெளிவந்த பிறகு இந்தப் பழக்கம் இன்னும் பரவியது. அதற்கெனத் தனியாகச் சிற்றுருக்கள் வாங்க வேண்டியதில்லை. குழந்தைகள் தரையில் உருட்டும் அதே சிறு கார்கள் போதும். அந்தக் காரை விளையாட்டுக்கேற்ப மாற்றி வண்ணம் பூசுவது எப்படி என்பதை, இதுவரை தூரிகையே பிடிக்காதவருக்காக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள். இது கண்ணாடி அலமாரியில் நிற்கப்போகும் மாதிரி வண்டி இல்லை, விளையாட்டுக் காய். ஆடுபவர் அதை மேலிருந்து, ஒரு கை நீளத் தொலைவில் பார்ப்பார். ஒரே மாலையில் ஐம்பது தடவை விரலால் பிடித்துத் தூக்குவார். என் முதல் காரில் கதவுக் கைப்பிடிகளுக்கு வெள்ளி நிறம் வைக்கவே ஒரு மாலை போயிற்று. மேசையில் வைத்தபோது எல்லோர் கண்ணிலும் பட்டது கூரைதான். அவசரத்தில் பூசியதால் அங்கே தூரிகைக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. அன்றிலிருந்து கூரை, பானெட், டிக்கி ஆகிய மூன்றுக்குத்தான் முதல் மரியாதை.

இன்னொன்று, முதல் வண்டி துருப்பிடித்த, அடிவாங்கிய வண்டியாக இருக்கட்டும். ஷோரூமிலிருந்து வந்ததுபோன்ற வழவழப்பைக் கொண்டுவருவதுதான் இந்தக் கலையில் கடினமான வேலை. அதில் ஒரு தூசி விழுந்தாலும் தெரியும். துருப்பிடித்த காரிலோ, கை நடுங்கினாலும் அது கீறலாகிவிடும். பெயிண்ட் வழிந்தாலும் கறையாகிவிடும்.

எந்தக் காரை எடுப்பது

ஹாட் வீல்ஸ், மாட்ச்பாக்ஸ் போன்ற உலோகக் கார்கள் 1:64 அளவுக்கு, அதாவது நிஜ வண்டியில் அறுபத்துநான்கில் ஒரு பங்குக்கு, நெருக்கமானவை என்று சொல்வார்கள். நடைமுறையில் அது தோராயமே. எல்லா வண்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதால், லாரியும் சின்னக் காரும் ஏழு சென்டிமீட்டர் நீளத்திலேயே வந்துவிடுகின்றன. லாரியின் உண்மையான அளவு விகிதம் 1:100ஐத் தாண்டியிருக்கும். ஆகவே பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் நிறுத்தி, கதவின் உயரத்தையும் ஓட்டுநர் கண்ணாடியின் அகலத்தையும் ஒப்பிடுங்கள். அவை பொருந்தினால் வண்டிகளும் பொருந்தும்.

கார்களோடு மனித உருவங்களையும் வைத்து விளையாடுவதாக இருந்தால் கணக்கு மாறும். 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் 1:64இல் 27 மில்லிமீட்டர்தான். ‘28 மில்லிமீட்டர்’ என்று விற்கப்படும் உருவங்கள் பெரும்பாலும் கண் மட்டம் வரை அளந்தவை. தடித்த கைகால்களோடு, வட்டமான அடித்தட்டின் மேல் நிற்பவை. 1:64 காருக்குப் பக்கத்தில் அவை ராட்சதர்களாகத் தெரியும். அவற்றுக்கு 1:43 கார்களே பொருத்தம். கார்களுக்கிடையே மட்டும் சண்டை என்றால் 1:64 போதும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் ஆட்களுக்கு 1:72 பிளாஸ்டிக் சிப்பாய்களின் தலையும் தோளும் கச்சிதமாக அமையும்.

பழைய கார் கைக்கு வந்தால் அறுப்பதற்கு முன் டயரைப் பாருங்கள். ஹாட் வீல்ஸ் தொடங்கிய 1968 முதல் 1977 வரை வந்த பல கார்களின் டயரில் மெல்லிய சிவப்பு வளையம் இருக்கும். சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். அப்படி ஒன்றில் துப்பாக்கியை ஒட்டிவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் உண்டு. மேலும், மிகப் பழைய பொம்மைகளின் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அவற்றை உப்புத்தாளால் தேய்க்கவே வேண்டாம்.

கழற்றுவது

பிரிக்காமலேயே வண்ணம் பூசலாம். ஆனால் பிரித்துவிட்டால் கண்ணாடியிலும் டயரிலும் பெயிண்ட் படாது, உள்ளே ஓட்டுநரையும் உட்கார வைக்கலாம். காரைக் கவிழ்த்துப் பார்த்தால் அடித்தட்டில் ஒன்றோ இரண்டோ வட்டமான ரிவெட் தலைகள் தெரியும். அவை மேற்கூட்டிலிருந்து இறங்கும் உலோகத் தூண்களின் நசுக்கப்பட்ட முனைகள். அந்தத் தலையை மட்டும் நீக்கினால் போதும்.

முதலில் கூரான ஆணியால் தலையின் நடுவில் ஒரு குழியிடுங்கள். இல்லையென்றால் டிரில் பிட் வழுக்கி ஓடும். இரண்டு மில்லிமீட்டர் பிட்டால் மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அதன்பின் ஐந்து மில்லிமீட்டர் பிட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். தலை வளையமாகப் பிய்ந்து பிட்டோடு வரும். அந்தக் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். இந்தக் கார்களின் உலோகம் துத்தநாகத்தோடு சிறிது அலுமினியம் சேர்ந்த ஸாமாக் என்ற கலவை. அது வெண்ணெய்போல் இறங்கும். நான் ஒருமுறை கை அழுத்தத்தில் கூரை வழியாகவே துளையிட்டுவிட்டேன். அந்த ஓட்டைதான் பிறகு பீரங்கி மேடையாயிற்று. காரைக் கையில் பிடித்துக்கொண்டு துளையிடாதீர்கள். இடுக்கியில் துணி சுற்றி இறுக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது, சுருள் சுருளாகச் சிதறும் உலோகத் துணுக்குகள் கண்ணைத் தேடித்தான் வரும்.

திரும்பச் சேர்ப்பதற்கு, தூணில் 1.6 மில்லிமீட்டர் துளையிட்டு எம்2 (இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள) திருகு போடுவது சுத்தமான வழி. ஒரு சொட்டு எபாக்சி பசையும் தாங்கும். ஆனால் பிறகு பிரிக்க முடியாது.

பழைய பெயிண்டை உரிக்க வேண்டுமா? முதல் காருக்கு வேண்டியதில்லை என்பது என் கருத்து. 400 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துப் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் போதும். விரல் எண்ணெய் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் பெயிண்ட் பிற்பாடு தோல்போல உரிந்து வரும். ஆகவே கழுவிய பின் ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். உரித்தே தீர வேண்டும் என்பவர்கள் உலோகக் கூட்டை மட்டும் அசிட்டோனில் ஊறவைத்துப் பழைய பல்தூரிகையால் தேய்க்கலாம். பிளாஸ்டிக் பாகம் எதுவும் அதில் விழக்கூடாது, கரைந்துவிடும். வேலை திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் நடக்கட்டும். சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள். அது பெயிண்டோடு துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவையும் கிளப்பும்.

ஆயுதமும் கவசமும்

இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான மகிழ்ச்சி இங்கேதான். இதற்குப் பிறகு குப்பைத்தொட்டியைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். பால்பாயின்ட் பேனாவின் பித்தளை முனை ஒரு குறும்பீரங்கி. பேப்பர் கிளிப்பை நேராக்கினால் புகைபோக்கிக் குழாய். அறுந்த மெல்லிய சங்கிலி பம்பரில் தொங்கும். ஜன்னலுக்கான கொசுவலைக் கம்பியைத் துண்டாக வெட்டினால் கண்ணாடிக்கு முன்னால் இரும்புத் தடுப்பு. பழைய கைக்கடிகாரத்தின் பற்சக்கரம் ரம்பமாகும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் அட்டையைச் சதுரமாக வெட்டி ஒட்டினால் கவசத் தகடு. அதன் மூலைகளில் ஊசிமுனையால் பசைப் புள்ளி வைத்தால் ஆணித் தலைகள்.

ரீஃபிலின் பிளாஸ்டிக் குழலை மட்டும் நம்ப வேண்டாம். மெழுகு போன்ற தொடுகை உள்ள அந்த வகைப் பிளாஸ்டிக்கில் சூப்பர் குளூவும் ஒட்டாது, பெயிண்டும் நிற்காது. குழாய் வேண்டும் என்றால் காகிதத்தைக் குண்டூசி மேல் இறுக்கிச் சுருட்டி, சூப்பர் குளூவை ஊறவிடுங்கள், கல்போல் இறுகும்.

ஒட்டும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. சூப்பர் குளூவின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெண்பனிபோல் படியும். ஓட்டுநரை உள்ளே ஒட்டி உடனே மூடிய என் கார் ஒன்றின் ஜன்னல்கள் மறுநாள் காலையில் மார்கழி விடியல்போல இருந்தன. கண்ணாடிப் பக்கத்து வேலைகளுக்கு வெள்ளை மரப்பசையே போதும். அது காய்ந்ததும் தெளிவாகிவிடும்.

துருத்திக்கொண்டிருக்கும் எதையும் வெறும் பசையை நம்பி விடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு, பேப்பர் கிளிப் கம்பித் துண்டை ஆணியாகச் செருகி ஒட்டுங்கள். ஐம்பது தடவை தூக்கப்படும் காய் என்று முன்பே சொன்னேன். முதலில் பிய்வது துப்பாக்கிதான். இடைவெளிகளை இரு பாகம் கலந்து பிசையும் எபாக்சி பட்டியால் அடையுங்கள். விரலை ஈரப்படுத்திக்கொண்டால் ஒட்டாது. பட்டி பார்த்து முடித்த பிறகு, ஒரு நாள் இறுகவிட்டு உப்புத்தாளால் சமன்செய்யலாம்.

ஆட்டத்துக்கு ஆட்டம் ஆயுதத்தை மாற்ற விரும்பினால் மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள நியோடிமியம் காந்தங்கள் உதவும். பலரும் ஏமாறும் இடம் இது. கார் உலோகம்தானே, காந்தம் ஒட்டிவிடும் என்று நினைப்பார்கள். ஸாமாக் கலவையைக் காந்தம் ஈர்க்காது. ஆகவே கூரையிலும் ஒன்று, ஆயுதத்தின் அடியிலும் ஒன்று வேண்டும். பசை வைப்பதற்கு முன் ஈர்க்கும் பக்கத்தில் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக ஒட்டிவிட்டால் துப்பாக்கி கூரையை விட்டுத் துள்ளிக் குதிக்கும். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் காந்தமே வேண்டாம். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

அழகுக்காக விளையாட்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். காஸ்லாண்ட்ஸ் போன்ற ஆட்டங்களில் வளைந்தும் நேராகவும் வெட்டிய அட்டை வார்ப்புருவை முன் பம்பரில் ஒட்டவைத்துத்தான் காரை நகர்த்துவார்கள். நான்கு ஈட்டிகளை முன்னால் நீட்டினால் ஒவ்வொரு முறையும் அட்டை எங்கே தொடுகிறது என்று வாக்குவாதம் வரும். முன்புறத் தகடு தட்டையாக இருக்கட்டும், கூர்முனைகளைப் பானெட்டின் மேல் ஏற்றுங்கள். துப்பாக்கி முன்னோக்கியா, பக்கவாட்டிலா, சுழல்வதா என்பது பார்த்தவுடனே தெரிய வேண்டும். எதிராளி விதிப்புத்தகத்தைப் புரட்டாமலேயே ‘இவன் எந்தப் பக்கம் சுடுவான்’ என்று புரிந்துகொள்ளும் கார்தான் நல்ல கார்.

அடிப்பூச்சு

ஹார்டுவேர் கடையில் இரும்புக் கதவுக்குப் பூசத் தரும் ரெட் ஆக்சைடு பிரைமர், ஸ்பிரே டப்பாவாகக் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செந்நிறம் இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் நிறமியேதான். அடிப்பூச்சு முடிந்த கணத்திலேயே பாதித் துரு வேலை முடிந்துவிடுகிறது.

டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். இருபது முதல் இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, காருக்கு வெளியே தொடங்கி, காரைக் கடந்து, வெளியே நிறுத்துங்கள். நிறுத்தி வைத்து அடித்தால் வழியும். முதல் சுற்றில் பழைய நிறம் இன்னும் தெரிந்தால் அதுதான் சரி. பத்து நிமிடம் விட்டு அடுத்த மெல்லிய சுற்று. மழை பெய்யும் ஈரமான நாளில் ஸ்பிரே வேண்டாம், பூச்சு வெளுத்துப் புகைபடரும். கொளுத்தும் வெயிலிலும் வேண்டாம். துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல்போல் ஒட்டும். பூசியதை ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுவதுதான் இந்த வேலையிலேயே பெரிய சோதனை.

நிறமும் துருவும்

நீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டில் ஆறு நிறம் போதும்: கறுப்பு, பழுப்பு வெள்ளை, அடர் பழுப்பு, ஆரஞ்சு, வெள்ளி, உங்களுக்குப் பிடித்த ஒரு உடல் நிறம். தூரிகை விஷயத்தில் மிகச் சிறியதை வாங்கும் ஆசை வரும். வேண்டாம். முனை கூர்மையாகக் கூடும் இரண்டாம் எண் தூரிகையே பெயிண்டைத் தாங்கி வேலை செய்யும். பொடித் தூரிகையின் முனையில் பெயிண்ட் காருக்குப் போகும் முன்பே காய்ந்துவிடும். கூடவே பாழாகத் தயாரான பழைய தூரிகை ஒன்று.

துருவின் மேல் உடல் நிறத்தைப் பூசி, அங்கங்கே பெயர்த்தெடுப்பதற்கு முடி ஸ்பிரே ஒரு பழைய தந்திரம். செம்பழுப்பு அடிப்பூச்சின் மேல் அடர் பழுப்பையும் ஆரஞ்சையும் ஸ்பாஞ்சுத் துண்டால் திட்டுத்திட்டாக ஒற்றிக் காயவிட்டு, மெல்லிய வார்னிஷால் மூடுங்கள். அது காய்ந்ததும் முடி ஸ்பிரேயை இரண்டு மெல்லிய சுற்று அடியுங்கள். கால் மணி நேரம் கழித்து உடல் நிறத்தைப் பால் பதத்தில் கரைத்துப் பூசுங்கள். பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், ஒரு மணி நேரத்துக்குள், நீரில் நனைத்த விறைப்பான தூரிகையால் தேவையான இடங்களை மெதுவாகத் தேயுங்கள். நீர் உள்ளே இறங்கி, அடியிலிருக்கும் முடி ஸ்பிரேயைக் கரைக்கும். மேலிருக்கும் நிறம் செதில் செதிலாகப் பெயர்ந்து, கீழிருந்து துரு எட்டிப் பார்க்கும். முதன்முறை அதைப் பார்க்கும்போது நிறுத்த மனம் வராது. நிறுத்துங்கள். கூரையில் பாதியைக் காலி செய்த பிறகுதான் நான் நிறுத்தக் கற்றேன்.

எங்கே துருப்பிடிக்கும் என்பதற்கு ஒரே கேள்வி: தண்ணீர் எங்கே தேங்கும்? சக்கர வளைவின் உதடு, கதவின் அடிவிளிம்பு, ஜன்னல் ரப்பரின் கீழ்ப்பகுதி, பானெட்டின் முன்முனை. அங்கிருந்து மெல்லிய கோடாகக் கீழ்நோக்கி வழியவிடுங்கள். கூரை நடுவில் வட்டமாகத் துரு வைத்தால் அம்மைத் தழும்பு போலிருக்கும். உங்கள் கார் நவீன ரகம் என்றால் அதன் பம்பர் பிளாஸ்டிக். அதில் துரு வராது, வெளுப்பும் கீறலும்தான் வரும்.

அடுத்தது, வாஷ் என்று சொல்லும் நீர்த்த அடர் பழுப்பு. கதவுக் கோடுகளிலும் தகடுகளின் இடுக்குகளிலும் தானாக ஓடித் தேங்கி நிழலாகும். கூரையில் குளம்போல் நின்றால் தூரிகை முனையால் உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்ததைத் தொட்டால் அலைக்கறை விழும், அதன் பிறகு நிவர்த்தி இல்லை. முழுக்கக் காய்ந்ததும் பழைய தூரிகையில் வெள்ளியைத் தொட்டு, துணியில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் இலேசாக உரசுங்கள். மறைந்திருந்த ஆணித் தலைகளும் கம்பி வலையும் சட்டென்று எழும்பும். கை நீளத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இந்த ஒரு படியின் பலன் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

கூரையில் பெரிய எண் ஒன்றை எழுதுங்கள். பக்கவாட்டில் எழுதினால் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரே அணியின் கார்களுக்கு எண்ணும் அதன் நிறமும் ஒன்றாக இருந்தால், உடல் நிறம் ஆளுக்கொன்றாக இருந்தாலும் குழப்பம் வராது. எழுதிய பிறகு அதன் மேலும் கொஞ்சம் துருவை ஒற்றிவிடுங்கள், புதிதாக மின்னும் எண் மற்ற உழைப்பையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

மூடுவதும் நிறுத்துவதும்

விளையாட்டுக் காய்க்கு வார்னிஷ் கட்டாயம். முதலில் பளபளப்பான வார்னிஷ், அது வலுவானது. ஒரு நாள் கழித்துப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். மேட் ஸ்பிரே கண்ணாடியை மங்கலாக்கும் என்பதால், காரைச் சேர்க்கும் முன்பே அடித்துவிடுங்கள் அல்லது ஜன்னலை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். சாக்குக்கட்டியைச் சுரண்டிய தூளைச் சக்கரத்தைச் சுற்றிப் புழுதியாகத் தூவுவதாக இருந்தால் வார்னிஷுக்குப் பிறகு தூவுங்கள்; முன்னால் தூவினால் பாதி நிறம் வார்னிஷில் காணாமல் போகும்.

கடைசியாகச் சக்கரங்கள். இந்தக் கார்கள் நன்றாக உருளும்படி செய்யப்பட்டவை, மேசையில் அது தொல்லை. யாராவது முழங்காலால் இடித்தால் மொத்தப் பந்தயமும் நகர்ந்துவிடும், யாருடைய கார் எங்கே இருந்தது என்று பஞ்சாயத்து தொடங்கும். பின் அச்சின் உட்புறத்தில் மிளகளவு எபாக்சி பட்டியை அழுத்தினால் இரண்டு சக்கரங்களும் நின்றுவிடும். முன்சக்கரத்தை விட்டுவிடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு ‘வ்ர்ரூம்’ என்று வாயால் சத்தமிட்டபடி கொஞ்ச தூரம் தள்ளிப் பார்க்க ஏதாவது வேண்டுமே.